தாடையின் மேல்முனை

அந்த எலும்பு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே எடுத்து வந்தவள் அவள். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவரெல்லாம் ஈயத் தகடு. உள்ளே ஒரு மேசை, தலைக்கு மேல் நகரும் குழாய், மூலையில் கண்ணாடித் தடுப்பு. வருகிறவர்கள் வலியோடு வருவார்கள், கோபத்தோடும் வருவார்கள். "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க, ஆச்சு" என்று மூன்றே சொல்லில் காரியத்தை முடித்து அனுப்பிவிடுவாள். மயிரிழை போன்ற முறிவையும் படம் திரையில் விழுந்த மறுநொடியே கண்டுவிடுவாள். சொல்லமாட்டாள். அதைச் சொல்வது மாடியில் இருக்கும் டாக்டரின் வேலை.

வால்மீன் பைத்தியம் அவளைப் பிடித்து நான்கு வருடம் ஆகிறது. வரவேற்பறையில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அரித்துப்போன ஏதோ முதுகெலும்பு என்று நினைத்து, "பாவம், யாரோடதோ" என்று கையில் எடுத்தாள். கீழே இருந்த வரியைப் படித்தால் அது ஒரு வால்மீனின் கரு. பக்கத்தில் போன விண்கலம் எடுத்த படம். வானத்தில் ஒளி வாலோடு போகிற அது, கிட்டத்தில் பார்த்தால் இப்படிக் கரிக்கட்டை மாதிரி பாறையும் பள்ளமுமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விண்கலம் அனுப்பும் படங்கள் எல்லாமே வெப்சைட்டில் வருகின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம் என்பதும் தெரிந்தது. அவ்வளவுதான், அன்றோடு வீட்டு லேப்டாப் மகளுக்குப் பாதி, வால்மீனுக்குப் பாதி என்று ஆகிவிட்டது.

"அம்மா, நான் பிராஜெக்ட் முடிக்கணும்."

"அஞ்சே நிமிஷம்டி."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? ஒரு மணி நேரம்."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மேலயும் கீழயும் போய்த்தான் குடும்பத்த ஓட்டுறேன். உங்கம்மா மேல போனா இறங்கவே மாட்டேங்கறா" என்று மகளிடம் புகார் சொல்வார். ஆனாலும் பெரிய திரை ஒன்றை எங்கிருந்தோ பழைய விலைக்குப் பிடித்துவந்து மாட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஊரில் அப்படி அவளையும் சேர்த்து ஒன்பது பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மேல்மாடி வகுப்பறையில் கூடுவார்கள். சாலைக் குறிகள் ஒட்டிய சுவரில் வால்மீன் படம் விழும். கூட்டத்துக்குத் தலைமை ஒரு புவியியல் டீச்சர். ஐம்பதைத் தாண்டியவர், கறாரானவர், நேரம் தவறினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த சுருட்டைமுடிக்காரன் தூரம், கோணம் மாதிரியான கணக்குகளைப் பார்த்துக்கொள்வான். அவனை எல்லோரும் சுருட்டை என்றே கூப்பிட்டார்கள். இவள் எக்ஸ்ரே அக்கா.

முதல் வருடமே அவளுக்கு மூக்கு உடைபட்டிருந்தது. ஒரு படத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய, புதிதாக வெளிப்பட்ட பனி என்று சொல்லிவிட்டாள். டீச்சரும் நம்பி, உலகம் முழுவதும் இருக்கிற ஆர்வலர்கள் கூடும் தளத்தில் குழுவின் பேரில் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர், அடுத்த நிமிடம் எடுத்த படத்தைப் போட்டு, புள்ளி எங்கே என்று கேட்டார். விண்வெளியில் திரியும் ஒரு துகள் கேமராவில் மோதி உண்டான புள்ளி அது. டீச்சர் அவளைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் எதைச் சொன்னாலும், "இன்னொரு படம் இருக்கா?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருக்கும்.

இந்த வருடம் விண்கலத்தின் ஆயுள் முடியப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. கடைசியாக ஒருமுறை வால்மீனின் தரையை மிக நெருங்கிப் பறக்கும். அப்போது கேமராவுக்குக் கொஞ்சம் படங்கள் மிச்சம் இருக்கும். எந்த இடத்தை எடுக்கலாம், ஏன் என்று ஆர்வலர் குழுக்கள் எழுதி அனுப்பலாம். ஒரு குழுவுக்கு ஒரே ஓர் இடம். கடைசி நாள் வியாழக்கிழமை, மாலை நான்கு மணி.

டீச்சருக்கு 'கிணறு' வேண்டும். அது வட்டமான ஆழக் குழி, சூரியன் பட்டால் உள்ளிருந்து வாயு பீறிடும். நான்கு வருடமாக அதன் ஒவ்வொரு படத்தையும் தேதி போட்டுச் சேர்த்திருந்தார். இவளுக்குத் 'தாடை' வேண்டும். பதினைந்து மாடி உயரப் பாறைச் சுவர், அதன் நெற்றியில் ஒரு நீளமான விரிசல். ஏப்ரலில் எடுத்த படத்தையும் ஜூலையில் எடுத்த படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து விரிசலின் நடுவே அளந்தாள். ஏப்ரலில் நான்கு புள்ளி அகலம், ஜூலையில் ஆறு. ஒரு புள்ளி என்பது அரை மீட்டர். மூன்றே மாதத்தில் விரிசல் ஒரு மீட்டர் விரிந்திருக்கிறது. இப்படியே போனால் சுவர் இடிந்து விழும். விண்கலம் போகிற நேரத்தில் விழுந்திருந்தால், பாறைக்குள் என்ன இருக்கிறது என்றே பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு படத்தையும் சுவரில் மாற்றி மாற்றிக் காட்டினாள். விரிசல் வாய் திறப்பது போலவே இருந்தது. அறையில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். கை தூக்கச் சொன்னதில் தாடைக்கு ஐந்து, கிணற்றுக்கு நான்கு. டீச்சரின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும், "ஓட்டுன்னா ஓட்டுதான். கடிதத்தை நானே எழுதறேன். வியாழக்கிழமை எனக்குத் தேர்வு டியூட்டி, மூன்றரைக்கு வெளிய வந்ததும் அனுப்பிடுவேன்" என்றார். குழுவின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டுமே இருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயின்டரைத் தள்ளுநாற்காலியில் கொண்டுவந்தார்கள். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. தொட்டாலே கத்தினார். அந்தக் காலை உள்பக்கமாக முழுசும் திருப்ப மனம் வராமல், இருந்த வாக்கிலேயே படம் எடுத்து அனுப்பிவிட்டாள். இரண்டு நிமிடத்தில் மாடியிலிருந்து போன்.

"என்னங்க இது? கால் வெளிப்பக்கம் சாஞ்சிருக்கு. இப்படி எடுத்தா மூட்டு விலகின மாதிரிதான் தெரியும். நான் ஆபரேஷன்னு எழுதிடறதா? நேரா வச்சு எடுங்க."

பெயின்டரைச் சமாதானப்படுத்தி, காலடியில் மணல் பைகளை அண்டக் கொடுத்து, மறுபடி எடுத்தாள். மூட்டின் இடைவெளி ஒழுங்காக இருந்தது. விலகல் இல்லை, சுளுக்குத்தான். "நல்ல செய்திதான், கவலைப்படாதீங்க" என்று வழக்கத்துக்கு மாறாகச் சொல்லிவிட்டாள். முதல் படமும் இரண்டாவது படமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் அகலமான இடைவெளி, ஒன்றில் குறுகலான இடைவெளி. ஒரே கால்.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் மாற்றி மாற்றிக் காட்டிய இரண்டு படங்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

விண்கலம் ஏப்ரலில் தாடையை எந்தப் பக்கம் நின்று பார்த்தது? ஜூலையில் எந்தப் பக்கம்? தூரத்தைச் சரிசெய்தாள். சாய்வைச் சரிசெய்தாளா? சரிசெய்யவில்லை. யோசிக்கவே இல்லை. தினமும் நாற்பது பேருடைய கையையும் காலையும் நேராக வைத்து எடுக்கிறவள், ஒரு பாறையை நேராக வைத்துப் பார்க்க மறந்துவிட்டாள். ஆசை கண்ணைக் கட்டிவிட்டது. சுவரில் அந்த விரிசல் வாய் திறந்தபோது எல்லோரும் "அடேயப்பா" என்றார்களே, அந்தச் சத்தம் இப்போது காதில் கேட்டது.

மணி ஒன்று இருபது. சுருட்டைக்குப் போன் போட்டாள்.

"தம்பி, உன் லேப்டாப்புல வால்மீனோட 3D மாடல் இருக்குல்ல? ஏப்ரல், ஜூலை ரெண்டுலயும் தாடை எவ்வளவு சாய்வாத் தெரியுதுன்னு பாத்துச் சொல்லு."

"அக்கா, இப்ப ஆறு பஸ் கிளம்பணும். ரெண்டு மணிக்குப் பாக்கறேன்."

"ரெண்டுக்குள்ள முடியாதா?"

அவள் குரலில் இருந்த பதற்றம் அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஏன்க்கா? எதாவது தப்பா?"

"தெரியல. அதுக்குத்தான் கேக்கறேன்."

டீச்சரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, வெளியே காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒரு தோள்பட்டை, ஒரு முழங்கால், அழுகிற குழந்தையின் முழங்கை. கை வேலை செய்தது. கண் சுவர்க்கடிகாரத்திலேயே இருந்தது. ஒவ்வொருவருடைய கையையும் காலையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். இன்றைக்கு இன்னொரு தப்பு நடந்தால் தாங்காது.

இரண்டே காலுக்குச் சுருட்டை கூப்பிட்டான்.

"அக்கா, ஏப்ரல்ல ரொம்பச் சாய்வு. ஜூலையில கிட்டத்தட்ட நேரா. வெறும் கோணத்தாலயே எந்த விரிசலும் ஒன்றரை மடங்கு பெருசாத் தெரியும்."

நாலுக்கு ஒன்றரை மடங்கு ஆறு. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. விரிசல் ஒரு புள்ளி கூட விரியவில்லை.

அவள் ஈயக் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, இருக்கீங்களா? ஒண்ணு கேக்கறேன். ஒன்றரை மடங்குன்னா விரிசல் முழுக்க அப்படித்தான இருக்கணும்? நீங்க நடுவுல மட்டும்தான் அளந்தீங்க. மேலயும் கீழயும்?"

அளக்கவில்லை. டாக்டர் சாப்பிடப் போன அரை மணியில் இருவரும் தனித்தனியாக அளந்தார்கள். அவள் மருத்துவமனைக் கம்ப்யூட்டரில், அவன் டிப்போவில் ஒரு டீக்கிளாசை லேப்டாப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டு. அளந்து முடிக்கும்வரை எண்ணைச் சொல்லக் கூடாது என்று பேச்சு.

"சொல்லு."

"கீழ நாலு, ஆறு. மேல நாலு, எட்டு. நீங்க?"

"அதே. மேல எட்டு."

மேல்முனையில் மட்டும் இரண்டு புள்ளி கூடுதல். உண்மையாகவும் இருக்கலாம், நிழலாகவும் இருக்கலாம். ஆனால் டீச்சர் எழுதி வைத்திருக்கும் கடிதத்தில், சுவர் முழுவதும் பிளந்துகொண்டிருக்கிறது என்று இருக்கிறது. அது பொய். அது குழுவின் பேரில், டீச்சரின் கையெழுத்தோடு போகப் போகிறது.

மாடிக்கு ஓடினாள். "டாக்டர், ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும்."

"வீட்ல எதாவதா?"

பொய் சொல்ல வாய் வந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். "இல்ல. நான் செஞ்ச ஒரு தப்ப நாலு மணிக்குள்ள திருத்தணும்."

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வெளிய ரெண்டு பேர் இருக்காங்க. அவங்கள முடிச்சுட்டுப் போங்க."

முடித்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள்.

"என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. டீச்சரோட ஸ்கூலுக்கு உடனே போகணும்."

"வால்மீனா?"

"ஆமா."

"அது என்ன ஓடியா போயிடும்?"

"நாலு மணி ஆனா போயிடும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவர் அவர். "மூணாவது மாடியில லிஃப்டைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். ஒருத்தன நிக்க வச்சுட்டு வரேன். வாசல்ல நில்லு" என்றார்.

மோட்டார் சைக்கிள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மூன்று இருபத்தெட்டு. காவலாளி கேட்டைத் திறக்க மாட்டேன் என்றார். விடைத்தாள் கட்டி முடிக்கும்வரை யாரையும் விடக் கூடாதாம். கணவர் இறங்கி, "அண்ணே, பாத்தா திருடற மாதிரியா இருக்கு எங்க மூஞ்சி?" என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்றார் காவலாளி. உள்ளே மணி அடித்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி நின்றாள்.

மூன்று முப்பத்தாறுக்கு டீச்சர் தாழ்வாரத்தில் தெரிந்தார். கையில் போன். இவளைப் பார்த்ததும் புருவம் சுருங்க, காவலாளியிடம் தலையசைத்தார்.

"டீச்சர், அனுப்பாதீங்க."

"அனுப்பியாச்சே. வெளிய வந்ததும் முதல் வேலையா அதத்தான் செஞ்சேன்."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சாய்வு, ஒன்றரை மடங்கு, பெயின்டரின் கால். டீச்சர் போனைக் கீழே இறக்கினார்.

"ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாடியும் காட்டினீங்களே, அப்ப இது தோணலையா?"

"தோணல."

"என் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன். தெரியுமில்ல?"

"அதான் ஓடி வந்தேன். நாலு மணி வரைக்கும் மாத்தலாம்னு விதியில இருக்கு. கடைசியா வந்ததத்தான் எடுத்துப்பாங்க. கிணத்தையே அனுப்பிடுங்க டீச்சர். நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன்."

டீச்சர் விறுவிறுவென்று ஆசிரியர் அறைக்கு நடந்தார். இவள் பின்னாலேயே ஓடினாள். அங்கே இருந்த கம்ப்யூட்டர் எழுந்து உட்காரவே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. டீச்சர் கிணற்றுப் படங்களைத் திறப்பார் என்று நினைத்தாள். அவர் தாடையைத் திறந்தார்.

"மேல்முனைன்னீங்களே, எங்க?"

காட்டினாள்.

"எட்டுன்னு எண்ணினது நீங்களா, சுருட்டையா?"

"ரெண்டு பேரும். தனித்தனியா."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து எண்ணினார். "எனக்கு ஏழுதான் வருது." மறுபடி எண்ணினார். "ஏழு. எட்டாவது நிழலா இருக்கலாம்." கடிதத்தை எடுத்து முதல் பத்தியை அப்படியே அழித்தார். மணி மூன்று நாற்பத்தெட்டு.

"என்ன டீச்சர் பண்றீங்க? கிணறு?"

"கிணத்த நூறு குழு கேக்கும். தாடைய நாம மட்டும்தான் கேப்போம்." விரல்கள் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தன. "சொல்லுங்க. முதல் வரியில தப்ப எழுதணும். அதுக்கப்புறம் மேல்முனை."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எங்கள் முந்தைய கடிதம் தவறு. விரிசல் விரிந்ததற்கு ஆதாரம் இல்லை. மேல்முனையில் மட்டும், சாய்வைக் கழித்த பிறகும், ஒன்று அல்லது இரண்டு புள்ளி மிஞ்சுகிறது. நிழலாகவும் இருக்கலாம். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது மூன்று ஐம்பத்தைந்து. திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. வாசலில் நின்ற கணவர்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டுக்கு, வந்து சேர்ந்தது என்று ஒரு வரி வந்தது.

டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அடுத்த தடவ ஞாயித்துக்கிழமையே சாய்வப் பாத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவமனைக்குத் திரும்பும் வழியில் கணவர் திரும்பிப் பார்க்காமல், "லிஃப்டுக்குள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டப்பகூட நான் இப்படி வேர்த்ததில்ல" என்றார்.

ஐந்து வாரம் கழித்து மெயில் வந்தது. தாடையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காரணம் எதுவும் எழுதவில்லை. மகிழ்ச்சியைவிட அவளுக்குப் பயமே அதிகம். போயும் போயும் ஒரு நிழலுக்காக விண்கலத்தின் கடைசிப் படங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை.

படம் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. ஒன்பது பேரும் டிரைவிங் ஸ்கூல் மாடியில் கூடியிருந்தார்கள். சுருட்டை கோப்பைத் திறந்தான். ஓர் உள்ளங்கை அகலம் கூடத் தெரிகிற அளவுக்குத் துல்லியம். தாடை அப்படியே நின்றது. விரிசல் நீளமாக, அசையாமல், ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது. உள்ளே தூசி நிரம்பியிருந்தது. ஆறிப்போன பழைய முறிவு அப்படித்தான் இருக்கும், அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பழசு" என்றாள். "ரொம்பப் பழசு. இது விழாது."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள்.

"இருங்க" என்றார் டீச்சர். எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். "மேல்முனையப் பெருசாக்கு."

மேல்முனையில் விரிசலின் விளிம்பு உடைந்திருந்தது, பல் மூளி ஆன மாதிரி. உடைந்த இடம் மட்டும் மழுங்காமல் கூராக, கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. டீச்சரின் விரல் சுவரின் அடிவாரத்துக்கு மெல்ல இறங்கியது. அங்கே ஒரு பீரோ அளவுக்கு ஒரு பாறை, ஒரு பக்கம் வெளுப்பாகக் கிடந்தது.

"ஏப்ரல் படம்" என்றார்.

சுருட்டை மாற்றினான். ஏப்ரலில் அடிவாரம் வெயிலில் பளிச்சென்று இருந்தது. பாறை இல்லை.

"ஜூலை."

ஜூலையில் அடிவாரம் முழுக்க நிழல். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

"விளிம்பு ஒடைஞ்சு விழுந்திருக்கு" என்றாள் அவள். "ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவுல."

"எத்தன புள்ளி அகலத்துக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

அளந்து பார்த்ததில் ஒன்றரை. ஆறோடு கூட்டினால் ஏழும் இல்லாமல் எட்டும் இல்லாமல் நடுவில் நின்றது. சுருட்டை முதலில் சிரித்தான். பிறகு டீச்சர். அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

விண்கலக் குழுவின் அறிக்கையில் அந்தப் பாறை பற்றி ஒன்றரை வரி வந்தது. அவளுடைய பெயர் இல்லை, குழுவின் பெயர் இருந்தது. மகள் அந்த வரியைத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். டாக்டர் ஒருநாள் படியிறங்கி வந்து, "அந்தப் பாறை படத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டு, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மேலே போனார்.

விண்கலம் ஓய்ந்துவிட்டது. படங்கள் மட்டும் மிச்சம். பாறை விழுந்த தேதியில் அவளுக்கும் டீச்சருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. வால்மீன் சூரியனுக்கு மிக அருகில் போன ஜூன் மாதம் என்கிறார் டீச்சர். மே கடைசியில் எடுத்த ஒரு மங்கலான படத்தில் அடிவாரத்தில் ஏதோ தெரிகிறது, சாய்வைக் கழித்துப் பார்த்தாச்சு என்கிறாள் இவள். மதிய இடைவேளையில் போன் அடிக்கும். எடுத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி:

"இன்னொரு படம் கிடைச்சுதா?"